ஆறு, குளம், குவாரி, கடல்: இளம்பிள்ளைகள் நீரில் மூழ்குவதைத் தடுப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை விட்டதும் ஒரு முறை, மேட்டூர் அணை திறந்து காவிரியில் புதுத்தண்ணீர் வந்ததும் ஒரு முறை, ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி குளங்கள் நிரம்பியதும் ஒரு முறை என்று, ஆண்டுதோறும் ஒரே செய்தியைப் படிக்கிறோம்: குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி உயிரிழந்தனர். நான் கொள்ளிடக் கரையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவன். பல ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிணற்றில் நீச்சல் கற்றுக்கொடுத்து வருகிறேன். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

சாலை விபத்துகளோடு ஒப்பிட்டால் இது சிறிய பிரச்சினைதானே?

எண்ணிக்கையில் சாலை விபத்துகள் அதிகம்தான். ஆனாலும் இதைச் சிறியது என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் மரணத்துக்கான காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 38,000 பேர் இப்படி இறக்கிறார்கள் என்று அரசுக் கணக்குகளே சொல்கின்றன. ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2021-இல் ஜூலை 25-ஆம் நாளை நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கான உலக நாளாக அறிவித்தது.

எனக்கு இந்த எண்களைவிட உறுத்தலாக இருப்பது வேறொன்று. சாலையில் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் அடிபடுகிறார்கள். நீரிலோ ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஒரே வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர், நான்கு பேர், ஏழு பேர் என்று ஒன்றாகப் போகிறார்கள். 2022 ஜூனில் கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணையில் குளித்த சிறுமிகளும் இளம்பெண்களுமாக 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து பூண்டி மாதா கோயிலுக்கு வந்தவர்களில் 6 பேரைக் கொள்ளிடம் கொண்டுபோனது. 2023 பிப்ரவரியில் கால்பந்துப் போட்டிக்காகப் புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வந்த பள்ளி மாணவிகள் 4 பேர் மாயனூரில் காவிரியில் மூழ்கினார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் சென்னை மூவரசம்பட்டுக் கோயில் குளத்தில் தீர்த்தவாரியின்போது இளம் அர்ச்சகர்கள் 5 பேரும், அக்டோபரில் வால்பாறைக்குச் சுற்றுலா சென்ற கல்லூரி மாணவர்கள் 5 பேரும் இறந்தார்கள். இந்தப் பட்டியலைப் படிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். முதலாமவர் தவறி விழுந்திருக்கலாம், மற்றவர்கள் ஏன் போனார்கள்?

அதற்கு என்ன பதில்? ஒருவர் மூழ்கினால் ஏன் நான்கு பேர் சாகிறார்கள்?

காப்பாற்றப் போனதால்தான். இதைவிட முக்கியமான செய்தி இந்தப் பக்கத்தில் வேறு இல்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்தபோது நாங்கள் மூன்று பேர் கொள்ளிடத்தில் குளிக்கப் போனோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தபோது, பந்தை எடுக்க நாலடி தள்ளிப் போன நண்பன் மணற்பள்ளத்தில் இறங்கிவிட்டான். அவனுக்கு நீச்சல் தெரியாது; எனக்கு ஓரளவு தெரியும். நான் நீந்திப்போய் அவன் கையைப் பிடித்தேன். பிடித்த மறுநொடி அவன் என் தோளில் ஏறிவிட்டான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைக் கீழே அழுத்தி, தன் தலையை மேலே தூக்கினான். அவன் அதை வேண்டுமென்று செய்யவில்லை. மூச்சுக்குத் தவிக்கும் உடல், கையில் எது அகப்பட்டாலும் அதன் மேல் ஏறத்தான் பார்க்கும். அது தாயாக இருந்தாலும் ஏறும். தண்ணீருக்குள் அவன் பிடியிலிருந்து விலகி நான் மேலே வந்தபோது, கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இடுப்பளவு ஆழம்வரை இறங்கி நின்று, தழை ஒடிக்கும் துரட்டியை நீட்டிக்கொண்டிருந்தார். அந்த மூங்கில் முனையைப் பிடித்ததால் நான் பிழைத்தேன். என் நண்பனை மறுநாள் காலையில்தான் எடுத்தார்கள். அவனுடைய நகக்கீறல்கள் என் கழுத்தில் ஆற ஒரு வாரம் ஆனது.

பெரியவர் என்னைவிட நன்றாக நீந்துகிறவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனாலும் அவர் நீந்தி வரவில்லை. கால் ஊன்ற முடிந்த இடத்தில் நின்று கழியை நீட்டினார். எனக்குத் தெரியாததும் அவருக்குத் தெரிந்ததும் அது ஒன்றுதான்.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் அல்லவா? அப்போது தெரிந்துவிடாதா?

பெரும்பாலும் தெரியாது. பேசவும் கத்தவும் மூச்சு வேண்டும். மூழ்கிக்கொண்டிருப்பவர் வாய் நீர்மட்டத்துக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சை இழுக்கத்தான் பார்ப்பார், குரல் கொடுக்க நேரம் இருக்காது. கைகளும் மேலே வீசப்படாமல் பக்கவாட்டில் நீண்டு தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். நியூயார்க் கடற்கரையில் பல ஆண்டுகள் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர் இதைக் கவனித்து விவரித்திருக்கிறார்: தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் நீர்மட்டத்தில் இருக்கும், உடல் செங்குத்தாக நிற்கும், ஏணியில் ஏறுவதுபோலக் கைகள் அசையும், முன்னோக்கி நகர்வே இருக்காது. இந்த நிலை 20 முதல் 60 விநாடிகள் நீடிக்கும். பிறகு தலை உள்ளே போய்விடும். கரையில் இருப்பவர்கள் ‘விளையாடுகிறான்’ என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்த பல சம்பவங்களை நானே கேட்டிருக்கிறேன். சந்தேகம் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் வராவிட்டால் அவருக்கு ஆபத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் ஒருவர் மூழ்குவதைக் கரையிலிருந்து வேடிக்கை பார்க்க வேண்டுமா?

இல்லை. முதலில் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒருவரை 112 அல்லது 101 எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். கையில் எது இருக்கிறதோ அதை நீட்டுங்கள்: துரட்டி, மூங்கில், தென்னை மட்டை, கிரிக்கெட் ஸ்டம்ப், துப்பட்டா, வேட்டி. நீட்டும்போது நீங்கள் கரையில் குப்புறப் படுத்துக்கொள்வது நல்லது. நின்றுகொண்டு நீட்டினால் அவர் இழுக்கும் வேகத்தில் நீங்களும் உள்ளே போய்விடுவீர்கள். எட்டாத தூரமாக இருந்தால் மிதக்கும் பொருளை எறியுங்கள்.

மிதக்கும் பொருள் என்றதும் லாரி டியூபைத் தேடி ஓட வேண்டியதில்லை. தண்ணீரில் மனித உடல் ஏறக்குறைய எடையற்றதுதான். தலையை வெளியே வைத்திருக்கக் கூடுதலாக நான்கைந்து கிலோ தாங்குதிறன் இருந்தால் போதும். வீட்டுக்கு வீடு இருக்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைக் காலி செய்து, மூடி போட்டு எறிந்தால் ஒருவரை எளிதில் தாங்கும். வெறும் கேன் காற்றில் அடித்துச் செல்லாமல் இருக்க ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூட வேண்டும். எண்ணெய் கேன், மூடிய 2 லிட்டர் காலிக் குளிர்பான பாட்டில்கள் இரண்டு ஆகியவைகூடப் பயன்படும்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் இளைஞர்கள் நால்வர் மூழ்கியபோது, அங்கே துணி துவைத்துக் குளிக்க வந்திருந்த பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி இருவரை இழுத்துக் கரைசேர்த்தார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்கள் மூவருக்குத் தமிழ்நாடு அரசு கல்பனா சாவ்லா விருது வழங்கியது. அவர்களுடைய துணிவைப் பாராட்டும்போது அவர்கள் கையாண்ட முறையையும் சேர்த்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பக்கத்தில் எதுவுமே இல்லை, ஆளும் இல்லை. அப்போது?

முறையான பயிற்சி இல்லாதவர் வெறுங்கையோடு ஆழத்தில் இறங்கக் கூடாது என்பதுதான் என் பதில். உங்கள் நண்பரை இழக்க நேரிடலாம் என்று தெரிந்தேதான் இதைச் சொல்கிறேன். இறங்கினால் பெரும்பாலும் இருவரையும் இழக்க நேரிடும்.

என் மகன் நன்றாக நீந்துவான். பிறகு எதற்குக் கவலைப்பட வேண்டும்?

எங்கே கற்றுக்கொண்டான் என்று பாருங்கள். கிணற்றிலும் நீச்சல் குளத்திலும் தண்ணீர் நிற்கிறது, ஆழம் தெரியும், நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும். ஆற்றில் இந்த மூன்றுமே இல்லை. நம்மில் நன்றாக நீந்துகிறவர்களின் வேகமே விநாடிக்கு ஒரு மீட்டரைத் தாண்டுவது அரிது. அணையிலிருந்து நீர் திறந்துவிட்ட ஆறு அதைவிட வேகமாகவும் ஓடும்; அந்த வேகத்தை எதிர்த்து நீந்துகிறவர் இருந்த இடத்திலேயே கைகால் அடித்து ஓய்ந்துபோவார். நீரின் தள்ளுவிசையும் வேகத்தோடு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. முழங்கால் அளவு நீரோட்டம் ஆளைச் சாய்ப்பது இதனால்தான்.

கிணற்றில் கடப்பாரை நீச்சல், சொருகு நீச்சல் என்று மேலிருந்து குதித்துப் பழகியவர்கள் ஆற்றிலும் தலைகீழாகக் குதித்துப் பாறையில் கழுத்தெலும்பை முறித்துக்கொள்வதும் உண்டு. அடி தெரியாத நீரில் குதிக்கவே கூடாது. காலால் தடவி, நடந்துதான் இறங்க வேண்டும்.

போன வாரம் இடுப்பளவு இருந்த இடம் இந்த வாரம் ஆளை விழுங்குகிறது. ஆற்றில் என்ன நடக்கிறது?

பழைய தலைமுறையினருக்குக் கசம் எங்கே, மடு எங்கே, சுழி எங்கே என்று அத்துப்படியாகத் தெரியும். ‘அந்த அரசமரத்துக்கு நேரே இறங்காதே’ என்பதுபோல ஒவ்வொரு துறைக்கும் ஒரு பாடம் இருந்தது. இன்று அந்தப் பாடம் செல்லாது. பொக்லைன் இயந்திரம் கொண்டு மணல் அள்ளிய இடங்களில் ஆற்றுக்கு நடுவே செங்குத்தான பள்ளங்கள் இருக்கின்றன. கோடையில் வறண்ட ஆற்றில் அவை கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் வந்ததும் எல்லாம் ஒரே மட்டமாக மறைந்துவிடும். பள்ளத்தின் ஓரத்து மணல் பொலபொலவென்று சரியும் தன்மையுடையது என்பதால், தவறி இறங்கியவர் ஓரத்தைப் பற்றி ஏறப் பார்த்தாலும் மணல் கையோடு வந்துவிடும். என் நண்பன் இறந்ததும் அப்படிப்பட்ட இடத்தில்தான். ஒவ்வொரு கோடையிலும் வறண்ட ஆற்றில் நான் பிள்ளைகளை நடக்கவிட்டு, பள்ளங்களைக் காட்டி, எந்த இடத்துக்கு நேரே எந்தப் பனைமரம் இருக்கிறது என்று மனப்பாடம் செய்யவைக்கிறேன். ஆற்றங்கரை ஊர்கள் எல்லாவற்றிலும் இதைச் செய்ய முடியும். ஒரு காசும் செலவில்லை.

இன்னொன்று, நீர்வரத்து. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படுகிறது. ஆடிப்பெருக்கு வரும் ஆகஸ்டு முதல் வாரத்தில் காவிரியின் எல்லாப் படித்துறைகளிலும் கூட்டம் நிற்கும். மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் உபரிநீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்திலும் திறந்துவிடப்படும். மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றைப் பாருங்கள். மேலே பில்லூரில் தண்ணீர் திறந்தால், வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஆற்றில் மட்டம் ஏறும். நிற்கும் இடத்தில் மழை பெய்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. மேலே என்ன நடக்கிறது என்று உள்ளூர்க்காரரிடம் கேட்க வேண்டும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் மாறினாலோ, துணியையும் செருப்பையும் எடுக்கக்கூட நிற்காமல் கரையேறிவிட வேண்டும். 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் ஒரு சிறுவனைக் காட்டாற்று வெள்ளம் இழுத்துச் சென்றது நினைவிருக்கலாம்.

தடுப்பணையில் தண்ணீர் அழகாக வழிந்து விழுகிறது. அங்கே குளிக்கலாமா?

வழிந்து விழும் இடத்துக்குக் கீழே குளிக்கக் கூடாது. மேலிருந்து விழும் நீர் அடியைத் தோண்டிப் பள்ளமாக்குகிறது. அங்கே நீர் உருண்டு திரும்பி அணையின் பக்கமே இழுக்கிறது. அதில் மாட்டியவரை மேலே விட்டு மறுபடி உள்ளே இழுக்கும். நீரில் காற்றுக்குமிழிகள் நிறைந்திருப்பதால் மிதக்கும் தன்மையும் குறைந்துவிடும். மேல்பக்கத்திலும் மதகுக்கு அருகில் போகக் கூடாது. அணைச் சுவரில் படிந்த பாசியில் நின்று செல்ஃபி எடுக்கும் வழக்கத்தைப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகவே சொல்லி நிறுத்துங்கள்.

கைவிடப்பட்ட கல்குவாரித் தண்ணீர் ஓடாமல்தானே நிற்கிறது? அதில் என்ன ஆபத்து?

குளத்துக்குச் சரிவான கரை உண்டு. குவாரிக்குக் கரையே இல்லை. ஒரு அடி உள்ளே வைத்தால் முப்பது அடி, ஐம்பது அடி ஆழம். குவாரிகள் எவ்வளவு நீர் கொள்ளும் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: 2017-லும் 2019-லும் சென்னை வறண்டபோது மாநகரத்தின் குடிநீருக்கே சிக்கராயபுரம் கல்குவாரிகளிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மேல்தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தாலும் கீழே சில்லென்று இருக்கும். மேலிருந்து குதித்தவர் அந்தக் குளிரில் தன்னையறியாமல் மூச்சை இழுத்துத் தண்ணீரைக் குடித்துவிடுவார். ஏறுவதற்குப் படி இல்லை, பிடிக்கச் செடி இல்லை, வெட்டிய பாறை வழவழவென்றிருக்கும். எவ்வளவு நன்றாக நீந்துகிறவரும் சுவரைத் தொட்டுக்கொண்டே சோர்ந்து மூழ்கியிருக்கிறார். குவாரியில் குளிப்பதற்குப் பாதுகாப்பான முறை என்று எதையும் என்னால் சொல்ல முடியாது.

கோயில் குளம் ஆழமில்லாததுதானே?

படிக்கட்டுகள் முடியும் இடம் எதுவென்று நீருக்கு மேலிருந்து தெரியாது என்பதும், பல ஆண்டுச் சேறு அடியில் தங்கியிருக்கும் என்பதும்தான் அங்கே சிக்கல். மூவரசம்பட்டில் பலரும் ஒன்றாக நின்று மூழ்கி எழுந்துகொண்டிருந்தபோது ஒருவர் ஆழத்தில் வழுக்கினார். தூக்கப்போனவர்களும் உடன் போனார்கள். தீர்த்தவாரி நடக்கும் குளத்தில் கடைசிப் படியை ஒட்டிக் கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இருவரைக் கேனோடு நிறுத்துவது அரை மணி நேர வேலை.

கடலில் முழங்கால் அளவில்தானே நிற்கிறோம்?

அலை உள்ளே வரும்போது தள்ளுவதைவிட, திரும்பும்போது காலடி மணலை அரித்துக்கொண்டு இழுப்பதுதான் ஆளைச் சாய்க்கிறது. அதைவிடப் பெரியது, அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் நீர் ஏதாவது ஒரு குறுகிய வழியாகக் கடலுக்குத் திரும்பும் இழுப்பு. அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, நீர் சற்றுக் கருத்துத் தெரியும். நீச்சல் தெரியாதவர்கள் ‘இங்கேதான் அலை குறைவு’ என்று நினைத்து அங்கேயே இறங்குகிறார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளையும் பாலத் தூண்களையும் ஒட்டி இந்த இழுப்பு அடிக்கடி உண்டாகும். அதன் வேகம் விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதும் உண்டு.

மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள். அந்த இழுப்பு ஆளை அடியில் அமுக்குவதில்லை. வெளியே கொண்டுபோய்ச் சிறிது தூரத்தில் தளர்ந்துவிடும். மல்லாந்து மிதந்து, கையை உயர்த்திக் காட்டி, தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்து அலையோடு கரைக்கு வர வேண்டும்.

கள்ளக்கடல் என்பதைத் தென்கோடிக் கடற்கரை மக்கள் நன்கு அறிவார்கள். எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் அடித்த காற்று எழுப்பிய நீள அலைகள், இங்கே காற்றோ மழையோ எதுவும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். திருடனைப்போல வருவதால் அந்தப் பெயர். ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதை முன்கூட்டியே அறிவிக்கிறது. 2024 மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தபோது அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்தது. மீனவர்கள் படகை மேட்டில் ஏற்றி வைத்திருக்கும் நாளில் நீங்கள் நீரில் கால் வைக்காதீர்கள். கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தை 1093 என்ற எண்ணிலும், கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மூச்சடக்கும் போட்டி வைப்பது தவறா?

மிகவும் தவறு. முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் நீண்ட நேரம் உள்ளே இருக்கலாம் என்று பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்படிச் செய்வதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதலைத் தருவது அந்த வாயுதான். உந்துதல் வருவதற்கு முன்பே பிராணவாயு தீர்ந்து, எந்த அறிகுறியும் இல்லாமல் நீருக்குள்ளேயே நினைவிழந்துவிடுவார்கள். வலிப்பு நோய் உள்ள பிள்ளைகள் ஒரு பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் நீரில் இறங்கக் கூடாது. மது அருந்தியவர்கள் எவராக இருந்தாலும் இறங்கவே கூடாது.

இவ்வளவு ஆபத்து என்றால், தண்ணீர்ப் பக்கமே போகாதே என்று தடுத்துவிடலாமே?

தடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான் ஒளிந்து போகிறார்கள். வீட்டில் சொல்லாமல் போவதால் பெரியவர் துணை இருக்காது. ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து இறங்குவார்கள். ஒருவன் மூழ்கினால்கூட வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து உடனே கூப்பிடாமல் தாங்களே முயன்று பார்ப்பார்கள். உயிர் பிரிய நான்கைந்து நிமிடங்களே போதும் என்ற நிலையில், அந்தப் பயத்தில் வீணாகும் நேரம்தான் எமனாகிறது. ‘எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போ, ஏதாவது ஆனால் முதலில் எங்களைக் கூப்பிடு, திட்ட மாட்டோம்’ என்று பெற்றோர் வாயால் சொல்லியிருக்க வேண்டும். சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.

நீச்சலை எந்த வயதில், எப்படிக் கற்றுக்கொடுப்பது?

ஆறு, ஏழு வயதிலிருந்து தொடங்கலாம். வங்கதேசத்தில் சிற்றூர்க் குளங்களில் மூங்கில் மேடை அமைத்துப் பிள்ளைகளுக்கு உயிர்காப்பு நீச்சல் கற்றுக்கொடுத்த திட்டத்தால் மரணங்கள் பெருமளவு குறைந்தன. பெருஞ்செலவில் கட்டிய நீச்சல் குளம் இருந்தால்தான் முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. எங்கள் ஊரில் படி உள்ள கமலைக் கிணறு ஒன்றில், காய்ந்த சுரைக்குடுக்கைகளைப் பிள்ளையின் முதுகில் கட்டி, இடுப்பில் கட்டிய தாம்புக்கயிற்றின் மறுமுனையை மேட்டில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு நேரத்தில் இருவரை மட்டும் இறக்குகிறேன். முதல் பாடம் நீந்துவது அல்ல, மல்லாந்து மிதப்பது: காதுகள் நீரில் முழுகும்படி தலையைப் பின்னால் சாய்த்து, நெஞ்சு நிறையக் காற்றை வைத்து, கைகளை விரித்துக் கிடக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பார்த்தால் இடுப்பு இறங்கும். இதை ஐந்து நிமிடம் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு, தவறி விழுந்தாலும் துரட்டி வரும்வரை காத்திருக்கத் தெரியும். பிறகு, உடுத்திய துணியோடு மிதக்கப் பழக்குகிறேன். யாரும் நீச்சலுடையோடு தவறி விழுவதில்லை.

பெண்பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கெடிலத்தில் இறந்த எழுவரும் மாயனூரில் இறந்த நால்வரும் பெண்கள். நம் வீடுகளில் பையன் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொள்கிறான், பெண் படியில் அமர்ந்து மொண்டு குளிக்கிறாள். சுடிதாரும் பாவாடையும் நனைந்தால் காலைச் சுற்றும் என்பதால், நீச்சல் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே அது மறுக்கப்படுகிறது. எங்கள் கிணற்றில் ஞாயிறு காலையைப் பெண்பிள்ளைகளுக்கென்று ஒதுக்கினோம். அவர்களின் அம்மாக்களே கயிறு பிடிக்கிறார்கள். இரண்டு அம்மாக்கள் நாற்பது வயதில் தாங்களும் கற்றுக்கொண்டார்கள்.

பள்ளியிலிருந்து அழைத்துச் செல்லும் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

திட்டத்தில் இல்லாத நீர்நிலையில் வண்டியை நிறுத்தக் கூடாது. போட்டி முடிந்து திரும்பும் வழியில் ‘சார், கால் மட்டும் நனைச்சுக்கிறோம்’ என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள். பெரும்பாலும் விபரீதம் அங்கேதான் தொடங்குகிறது. திட்டமிட்டே போவதானால், உள்ளூர்க்காரர் ஒருவர் காட்டிய இடத்தில், எல்லை போட்டு, ஒரு நேரத்தில் சிலரை மட்டும் இறக்கி, கரையில் நிற்பவர் செல்பேசியைப் பையில் வைத்துவிட்டுத் தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூழ்கியவரை வெளியே எடுத்ததும் என்ன செய்வது?

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, தோளில் போட்டு ஓடுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது ஆகிய மூன்றையும் நம் ஊர்களில் இன்றும் செய்கிறார்கள். மூன்றுமே கேடு. வயிற்றை அமுக்கினால் வாந்தி மேலே வந்து நுரையீரலுக்குள் போகும். விலைமதிப்பற்ற நேரமும் வீணாகும்.

அவரைச் சமதரையில் மல்லாத்திப் படுக்கவையுங்கள். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால், 108-ஐ ஒருவர் அழைக்கும்போதே மற்றவர் தொடங்க வேண்டும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து நெஞ்சு உயரும்படி ஐந்து முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, பெரியவராக இருந்தால் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 முறை அழுத்தி, இரண்டு முறை ஊதுங்கள். மூச்சு திரும்பும்வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை இதைத் தொடர வேண்டும். வாயில் நுரை வந்தால் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், அதன் மேலேயே ஊதுங்கள். இதை எழுத்தில் படித்துக் கற்க முடியாது; உங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தாரையோ மருத்துவர்களையோ அழைத்துப் பள்ளியில் பொம்மையை வைத்துச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

கண்விழித்துப் பேசுகிறார். வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?

வேண்டாம். நினைவிழந்திருந்தாலோ, மூச்சுவிடச் சிரமப்பட்டாலோ, இருமல் நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்கே போக வேண்டும். நுரையீரலுக்குள் போன சிறிதளவு நீரும் அடுத்த சில மணி நேரத்தில் மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். அதனால் அங்கே வைத்துக் கண்காணிப்பார்கள்.

எங்கள் ஊர் அளவில் உடனே செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

குளிக்கும் துறை ஒவ்வொன்றிலும் ஒரு 20 லிட்டர் கேனும், அதன் பிடியில் முடிந்த 15 மீட்டர் நைலான் கயிறும், பக்கத்தில் ஒரு நீண்ட மூங்கிலும் வையுங்கள். எங்கள் துறையில் வேப்பமரத்தில், பிள்ளைகளுக்கும் எட்டும் உயரத்தில் கட்டியிருக்கிறோம். கயிற்றின் மறுமுனையில் கை நுழையும் அளவுக்கு ஒரு சுருக்கு இருக்கிறது. எறிகிறவர் அதைக் காலடியில் மிதித்துக்கொண்டு எறிய வேண்டும், இல்லாவிட்டால் கயிறும் கேனோடு போய்விடும். மூழ்குகிறவருக்கு நேரே எறியாமல் அவரைத் தாண்டி எறிந்து இழுத்தால் கயிறு அவர் மேல் வந்து படும். மாதம் ஒரு முறை பிள்ளைகளுக்கு எறியும் போட்டி வைக்கிறோம். மிதக்கவிட்ட தேங்காயைத் தொட்டவருக்கே அந்தத் தேங்காய்.

கேனையும் கயிற்றையும் யாராவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்?

போகத்தான் செய்யும். எங்கள் துறையில் இதுவரை நான்கு முறை போயிருக்கிறது. ஒரு முறை கயிறு மட்டும் போய், மாட்டுக்காரர் ஒருவர் வீட்டில் கன்றுக்குட்டியின் கழுத்தில் இருந்தது. அவரிடம் சண்டை போடவில்லை. அந்தக் கயிறு எதற்காகக் கட்டப்பட்டது என்று சொன்னதும், அவரே மறுநாள் புதுக்கயிறு வாங்கிவந்து கட்டினார். இப்போது மாடு குளிப்பாட்ட வரும்போதெல்லாம் முடிச்சு இறுகியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.